நாண் திரித்த கை

அர்ஜுனன் வில்லுக்குக் காண்டீபம்னு பெயர் இருக்கு. அதோட நாணைத் திரிச்சது யார்?

உபநயனத்தில் இடுப்பில் கட்டும் கயிறு பற்றி மனுஸ்மிருதி விதி சொல்கிறது: பிராமணனுக்கு முஞ்சைப் புல், க்ஷத்திரியனுக்கு மூர்வா நாரால் ஆன வில் நாண், வைசியனுக்குச் சணல் நூல். சமஸ்கிருதத்தில் நாணுக்குள்ள ‘மௌர்வி’ என்ற பெயரே மூர்வாவிலிருந்து வந்ததுதான். மூர்வா என்று ஒன்றுக்கு மேற்பட்ட செடிகளைச் சொல்வார்கள். அதில் ஒன்று நம்ம ஊர் மருள். வீட்டுத் தொட்டியில் வைக்கிறோமே ஸ்னேக் பிளான்ட், அதற்குச் சொந்தம்.

செய்து பார்த்தேன். மருள் இலையைப் பலகையில் வைத்து மழுங்கிய கத்தியால் வழித்தால் சதை கழன்று வெள்ளை நார் வரும். அலசிக் காயவைத்து, இரண்டு புரியாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் வலப்பக்கம் முறுக்கி, இரண்டையும் சேர்த்து இடப்பக்கம் திரிக்கணும். ஒரு முறுக்கு அவிழப் பார்த்தால் மற்றது இறுக்கிப் பிடிக்கும். நாரின் நீளம் இலையின் நீளம்தான். அதனால் நடுநடுவே புது நார் சேர்க்கணும். இரண்டு புரியிலும் ஒரே இடத்தில் சேர்த்தால் அங்கேயே அறுந்துவிடும். என் முதல் நாண் அப்படித்தான் போச்சு.

யார் இடுப்பில் எந்த நார் என்று சொல்லும் அந்த விதி, அதைத் திரிச்ச கையைப் பற்றிப் பேசவில்லை. அந்தக் கை ஒருமுறை பிசகியிருந்தால் காண்டீபமும் வெறும் கழிதான்.