திருவிழா ராட்டினமும் தண்டவாளச் சவாரியும்

கடலூர் மாவட்டத்தில் ராட்டினக்காரர்களின் நாட்காட்டி கோயில் நாட்காட்டிதான். பொங்கல் முடிந்து தை ஐந்தாம் நாள் தென்பெண்ணை, கெடிலம் கரைகளில் ஆற்றுத் திருவிழா, வடலூரில் தைப்பூசம், மாசி மகத்துக்குத் தேவனாம்பட்டினம் கடற்கரையும் விருத்தாசலமும், ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் தீர்த்தவாரிக்கு எழுந்தருளும் கிள்ளையும், ஆனியிலும் மார்கழியிலும் சிதம்பரத்தில் தேர், ஆடியில் ஊருக்கு ஊர் தீமிதியும் செடலும். வீராணம் ஏரிக்கரையில் இருக்கும் காட்டுமன்னார்கோயில் போன்ற ஊர்களில் தலை சுற்றுவதும் வயிறு கலங்குவதும் இப்படி ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை லாரியில் வந்து இறங்கும் இன்பங்களாகவே இருந்தன. ரோலர் கோஸ்டர் அந்த வகையைச் சேர்ந்ததல்ல. அது ஓரிடத்தில் வேரூன்றி நிற்கும்; மக்கள்தான் அதைத் தேடிப் போக வேண்டும். தமிழ்நாட்டில் சவாரி விளையாட்டுகளின் வரலாறு பெரும்பாலும் இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட கதைதான்.

எந்திரம் வருவதற்கு முன்பு திருவிழாத் திடலில் நின்றது கையால் சுற்றும் ரங்க ராட்டினம். மணலில் ஆழப் புதைத்த இரண்டு கால்கள், அவற்றின் மேல் ஒரு குறுக்கு அச்சு, அச்சிலிருந்து நான்கு கைகள், ஒவ்வொரு கை நுனியிலும் ஒரு மரத்தொட்டி. தொட்டி மேலிருந்து தொங்குவதால் சக்கரம் எப்படிச் சுழன்றாலும் அது நிமிர்ந்தே இருக்கும். ஓட்டுபவர் கீழே வரும் தொட்டியைப் பிடித்துத் தள்ளி வேகம் ஏற்றுவார். எதிரெதிர்த் தொட்டிகளில் எடை ஒத்துப்போகாவிட்டால் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். அதனால் ஒரு தொட்டியில் பெரியவர் ஒருவர் ஏறினால் எதிர்த் தொட்டியில் இரண்டு பிள்ளைகளை ஏற்றுவார்கள். பக்கவாட்டில் சுற்றும் குடை ராட்டினமும் இதே காலத்துத் துணை.

இந்த வகைச் சக்கரம் தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதல்ல. ஆங்கிலேயப் பயணி பீட்டர் மண்டி 1620-இல் துருக்கியர் ஆட்சியில் இருந்த பல்கேரியப் பகுதியில் இதுபோன்ற மரச்சக்கரத்தைக் கண்டு எழுதியிருக்கிறார். இரும்புக்கு மாறிய பெரிய சக்கரத்துக்கு முன்மாதிரி ஆனது, 1893-இல் சிகாகோ உலகக் கண்காட்சிக்காகப் பொறியாளர் ஜார்ஜ் ஃபெர்ரிஸ் எழுப்பிய சக்கரம். அதன் உயரம் 264 அடி. 36 பெட்டிகளில் ஒவ்வொன்றும் 60 பேரைக் கொள்ளும்.

திருவிழாக்களுக்கு வந்த ராட்சத ராட்டினம் அதன் சின்ன உருவம். கழற்றி மாட்டுவதற்கென்றே செய்யப்பட்டது. கால்கள், கைகள், விளிம்புத் துண்டுகள், பெட்டிகள் என்று பிரித்து லாரியில் ஏற்றுவார்கள். திடலுக்கு வந்ததும் கால்களுக்கு அடியில் கட்டைகளை அடுக்கி மட்டம் பார்த்து, துண்டுகளை ஆணியாலும் போல்ட்டாலும் இணைப்பார்கள். டீசல் என்ஜினோ மின்மோட்டாரோ சக்கரத்தைச் சுற்றும். ஆளை ஏற்றும் முறையில் மட்டும் ரங்க ராட்டினத்தின் பாடம் மாறவில்லை: அடுத்தடுத்த பெட்டிகளை நிரப்பாமல், ஒன்றை நிரப்பினால் அதற்கு நேர் எதிரில் உள்ளதை நிரப்புவார்கள். சக்கரத்தைச் சுற்றிக் கொலம்பஸ் கப்பல், டோரா டோரா, பிரேக் டான்ஸ், பிள்ளைகளுக்கு டிராகன் ரயில் என்று ஒரு சிறு ஊரே முளைக்கும். பக்கத்தில் டெல்லி அப்பளமும் மிளகாய் பஜ்ஜியும். ஆற்றுத் திருவிழாவானால் சிறுவள்ளிக் கிழங்கும் குவிந்திருக்கும்.

மரணக் கிணறும் இதே கூட்டத்தைச் சேர்ந்தது. பலகைகளால் அடைத்த பெரிய வட்டச் சுவரின் உட்புறத்தில் மோட்டார் சைக்கிளை, சில இடங்களில் காரைக்கூட, தரைக்கு இணையாக ஓட்டுவார்கள். வேகம் கூடும்போது சக்கரம் சுவரை அழுத்தும் விசையும் கூடுகிறது. அந்த அழுத்தத்தால் பிறக்கும் உராய்வு வண்டியைக் கீழே விழாமல் தாங்குகிறது. வேகம் குறைந்தால் பிடியும் குறையும். இதில் பார்வையாளர் ஏறுவதில்லை; விளிம்பில் நின்று குனிந்து பார்ப்பதோடு சரி.

ரோலர் கோஸ்டரின் பிறப்பு வேறு நாட்டில், வேறு பருவத்தில். ரஷ்யாவில் குளிர்காலத்தில் மரச்சாரங்களின் மேல் பனிக்கட்டி உறையவிட்டுச் சறுக்கும் வழக்கம் இருந்தது. அதைச் சக்கர வண்டியாக மாற்றிய சவாரிகள் 1817-இல் பாரிசில் இரண்டு இடங்களில் திறக்கப்பட்டன. அமெரிக்காவில் இன்னொரு கிளை நிலக்கரியிலிருந்து வந்தது. பென்சில்வேனியாவின் மாக் சங்க் மலையில் நிலக்கரியை இறக்க 1827-இல் போட்ட சரிவுப் பாதை, பிற்காலத்தில் பயணிகள் காசு கொடுத்து ஏறும் சவாரியாயிற்று. 1884-இல் லமார்கஸ் தாம்சன் நியூயார்க்கின் கோனி தீவில் இதற்கென்றே ஒரு பாதை அமைத்தார். மணிக்கு சுமார் 6 மைல் வேகம், கட்டணம் 5 சென்ட். பாதை முடிந்ததும் பயணிகள் இறங்கி நிற்க, பணியாளர்கள் வண்டியை அடுத்த மேட்டுக்குத் தள்ளி ஏற்றினார்கள்.

வண்டி தடம் விலகாதபடி செய்த கண்டுபிடிப்புதான் இந்தத் தொழிலை வளர்த்தது. ஜான் மில்லர் என்ற பொறியாளர் 1919-இல் காப்புரிமை பெற்ற முறையில், தண்டவாளத்தின் அடிப்பக்கத்தைப் பற்றும் சக்கரம் சேர்ந்தது. இன்றைய வண்டிகளில் மேலே ஓடும் சக்கரம், பக்கவாட்டுச் சக்கரம், அடிச்சக்கரம் ஆகிய மூன்றும் தண்டவாளத்தைச் சூழ்ந்து பிடிக்கின்றன. முதல் மேட்டுக்கு வண்டியைச் சங்கிலி இழுத்துச் செல்லும்போது கேட்கும் டக் டக் ஓசை, வண்டி பின்னோக்கி உருளாமல் தடுக்கும் கொக்கி ஒவ்வொரு பல்லாக விழும் ஓசை. உச்சிக்குப் போன பிறகு பெரும்பாலான கோஸ்டர்களில் என்ஜின் எதுவும் இல்லை. ஏறிய உயரமே வேகமாக மாறுகிறது.

தலைகீழ்ச் சுழல் நெடுங்காலம் தீராத சிக்கலாக இருந்தது. 1890-களில் கோனி தீவில் முழு வட்டமாகச் சுழல் கட்டியபோது, வளைவுக்குள் நுழையும் கணத்தில் உடல்மீது விழுந்த விசை கழுத்தையும் முதுகையும் வதைத்தது. 1959-இல் டிஸ்னிலேண்டின் மேட்டர்ஹார்ன் சவாரியில் எஃகுக் குழாய்த் தண்டவாளம் வந்த பிறகு வளைவுகளை நுணுக்கமாக வடிக்க முடிந்தது. 1976-இல் ஜெர்மன் பொறியாளர் வெர்னர் ஸ்டெங்கலின் கணக்கின்படி கலிபோர்னியாவில் கட்டிய சுழல், அடியில் அகன்றும் உச்சியில் இறுகியும் நீர்த்துளி வடிவில் அமைந்தது. விசை படிப்படியாக ஏறி இறங்கியதால் உடல் அதைத் தாங்கியது. பின்னர் வந்த சுழல்கள் பலவும் இந்த வடிவையே பின்பற்றின.

இத்தகைய எந்திரம் நம் ஊர்த் திருவிழாக்களுக்கு வராததற்குக் காரணம் தண்டவாளத்தின் நீளமும் அடித்தளமும்தான். ஜெர்மனியில் 1989-இல் ஐந்து சுழல்கள் கொண்ட ஒலிம்பியா லூப்பிங் பொருட்காட்சிகளுக்காகவே கட்டப்பட்டது. அதைக் கழற்றி ஊர் ஊராகக் கொண்டு போகிறார்கள். ஆனால் அங்கே கண்காட்சி வாரக்கணக்கில் நடக்கும், அதற்கென்று உறுதியான தரையும் இருக்கும். ஆற்று மணலில் ஓரிரு நாள் நடக்கும் விழாவுக்கு அது கட்டுப்படியாகாது. டிராகன் ரயிலோடு இங்கே தண்டவாளச் சவாரி நின்றுபோனது அதனால்தான். ஆண்டுதோறும் சென்னைத் தீவுத்திடலில் நடக்கும் சுற்றுலாப் பொருட்காட்சி நீண்ட நாள் நடந்தாலும், அங்கும் பெரும்பாலும் கழற்றி மாட்டும் சவாரிகளே.

இந்தியாவில் நிலையான பூங்காக்களின் காலம் 1984 நவம்பரில் டெல்லியில் திறந்த அப்பு கர் பூங்காவோடு தொடங்கியது. 1982 ஆசிய விளையாட்டின் யானைச் சின்னத்தின் பெயரைத் தாங்கிய அந்தப் பூங்கா 2008-இல் மூடப்பட்டது. 1989-இல் மும்பையில் எஸ்ஸெல் வேர்ல்டு, 1991-இல் கொல்கத்தாவில் நிக்கோ பார்க் வந்தன. தமிழ்நாட்டில் பெரிய அளவில் பேர் வாங்கியது 1995-இல் தாம்பரம் அருகே திறந்த கிஷ்கிந்தா. அதை உருவாக்கியவர் மலையாளத் திரைப்படத் தயாரிப்பாளர் நவோதயா அப்பச்சன். இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படமான மை டியர் குட்டிச்சாத்தான் (1984) அவர் தயாரித்ததே. பாத்திரங்கள் சுவரிலும் கூரையிலும் நடக்கும் காட்சிக்காக அந்தப் படத்தில் ஓர் அறையையே சுழலவிட்டார்கள். கிழக்குக் கடற்கரைச் சாலையில் விஜிபி, எம்ஜிஎம் பூங்காக்களும், பூந்தமல்லி பக்கம் குயின்ஸ்லேண்டும், மேட்டுப்பாளையத்தில் பிளாக் தண்டரும் பள்ளிச் சுற்றுலாக்களின் நிலையான நிறுத்தங்களாயின.

காட்டுமன்னார்கோயில் வட்டாரத்துக்கு இவற்றுள் அருகில் இருப்பவை சென்னைப் பூங்காக்களே. 2004 முதல் வீராணம் தண்ணீர் குழாயில் சென்னைக்குப் போகும் தூரம் சுமார் 230 கிலோமீட்டர். பூங்காவுக்குப் போகும் பள்ளிப் பேருந்துக்கும் ஏறக்குறைய அவ்வளவு தூரம். விடியுமுன் புறப்பட்டு நள்ளிரவில் திரும்பும் ஒருநாள் சுற்றுலாவில்தான் இங்குள்ள பிள்ளைகள் பலர் முதன்முதலாகத் தண்டவாளச் சவாரியில் ஏறினார்கள்.

சவாரிக்காகவே ஊர் ஊராகப் போகும் ரசிகர்கள் மேலை நாடுகளில் முன்பே உண்டு. 1978-இல் அமெரிக்காவில் அவர்களுக்கென ஒரு சங்கமே தொடங்கியது. எத்தனை கோஸ்டர்களில் ஏறியாயிற்று என்று கணக்கு வைப்பது அவர்கள் வழக்கம். இந்தியாவில் அந்த ஆர்வத்துக்குத் தீனி போட்டவை, கொல்கத்தா நிக்கோ பார்க்கில் 2003-இல் வந்த மரக் கோஸ்டர் சைக்ளோனும், 2013-இல் மும்பைக்கும் புனேவுக்கும் இடையே இமேஜிகாவில் வந்த நைட்ரோவும். நைட்ரோவைச் செய்தது பொலிகர் அண்டு மாபில்லார்டு என்ற சுவிஸ் நிறுவனம். அதே நிறுவனத்தின் தொங்கு வகைக் கோஸ்டரான தஞ்சோரா, 2025 டிசம்பரில் திருப்போரூர் அருகே இள்ளலூரில் திறந்த வொண்டர்லாவில் ஓடுகிறது. அதில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கும். கால்கள் காற்றில் தொங்கும்.

திருவிழா ராட்டினத்துக்கும் பூங்காச் சவாரிக்கும் பாதுகாப்பு முறையும் வேறு. பூங்காவில் அதே எந்திரத்தை அதே பணியாளர்கள் நாள்தோறும் சோதிக்கிறார்கள். ஒரு பகுதியில் வண்டி இருக்கும்வரை அடுத்த வண்டி அங்கே நுழையாதபடி தானியங்கி பிரேக்குகள் தடுக்கின்றன. ராட்டினமோ ஒவ்வொரு ஊரிலும் புதிதாகப் பிறக்கிறது. ஒவ்வொரு முறையும் மண்ணின் உறுதியையும் போல்ட்டின் இறுக்கத்தையும் மின்இணைப்பையும் முதலிலிருந்து பார்த்தாக வேண்டும். பொறியாளரின் உறுதிச் சான்று, தீயணைப்புத் துறை, காவல்துறை அனுமதி என்று கெடுபிடி கூடியதும், வாடகையும் டீசல் செலவும் ஏறியதும் சிறு ராட்டினக்காரர்களை நெருக்கின. கையால் சுற்றும் ரங்க ராட்டினம் அரிதாகிவிட்டது. ஆனாலும் ஆற்றுத் திருவிழாவுக்கும் தைப்பூசத்துக்கும் ராட்சத ராட்டினம் தவறாமல் வருகிறது. பூங்காவுக்குப் போய்வரப் பேருந்துச் செலவும் நுழைவுக் கட்டணமும் தேவை. ராட்டினத்தில் ஒரு சுற்றுக்கு மட்டும் காசு கொடுத்தால் போதும்.