பாம்பன் பாலமும் காற்றுமானியும்

டர்போ எஞ்சின் கார் வைத்திருப்பவர்கள் சிலர் பூஸ்ட் கேஜ் ஒன்றைத் தனியாக வாங்கிப் பொருத்திக்கொள்வதைப் பார்த்திருப்பீர்கள். எஞ்சினுக்குள் போகும் காற்றின் அழுத்தத்தை அதன் முள் காட்டும். முள் எல்லை தாண்டினால் காலை எடுக்க வேண்டியது ஓட்டுபவர் பாடு. மண்டபத்தை ஒட்டிய பாம்பன் பாலத்திலும் காற்றை அளக்கும் கருவி ஒன்று இருந்தது. அது வெறுமனே காட்டவில்லை, ரயிலையே நிறுத்தியது!

மண்டபத்தையும் ராமேஸ்வரம் தீவையும் இணைத்த பழைய ரயில் பாலம் 24.2.1914 அன்று திறக்கப்பட்டது. நீளம் சுமார் 2 கி.மீ. இருபுறமும் திறந்த கடல், தடுக்க ஒரு மரம்கூடக் கிடையாது. காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் பெட்டியின் பக்கவாட்டில் விழும் விசை நான்கு மடங்காகும். அதனால் அங்கே காற்றை உத்தேசமாகக் கணிப்பது ஆபத்து.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் வந்த புயலை மறக்க முடியாது. பாம்பன் - தனுஷ்கோடி பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். அந்த ரயில் பாலத்திலிருந்து கவிழ்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் அது பாலத்தில் இல்லை. தீவுக்குள், தனுஷ்கோடியை நெருங்கும்போது அலையில் சிக்கியது. சிக்னல் கிடைக்காமல் காத்திருந்த ஓட்டுநர், கடைசியில் விசில் கொடுத்துவிட்டு வண்டியை நகர்த்தினார் என்று சொல்லப்படுகிறது. அந்த இருட்டில் முடிவெடுக்கும் பாரம் முழுவதும் ஒரு மனிதர் தலையில் விழுந்தது.

அதே புயலில் பாலத்தின் பெரும்பகுதி கர்டர்களும் அடித்துச் செல்லப்பட்டன. பொறியாளர் இ.ஸ்ரீதரன் தலைமையில் 46 நாட்களில் பாலம் சீரமைக்கப்பட்டது. தனுஷ்கோடிக்கு மட்டும் ரயில் திரும்பவே இல்லை.

காற்றுமானி ஒன்றும் புதிய கண்டுபிடிப்பு அல்ல. அயர்லாந்தின் ராபின்சன் 1846-லேயே சுழலும் நான்கு கிண்ணங்களால் காற்றின் வேகத்தை அளந்து காட்டினார். பாம்பனில் புதுமை என்னவென்றால், கருவியைப் பிற்காலத்தில் சிக்னலோடு இணைத்ததுதான். காற்று மணிக்கு ஏறக்குறைய 55 கி.மீ.யைத் தாண்டினால் சிக்னல் தானாகவே சிவப்புக்கு மாறும். ஓட்டுநரோ நிலைய அதிகாரியோ துணிந்து முடிவெடுக்க வேண்டியதில்லை. 'இவ்வளவு தூரம் வந்தாச்சு, போயிடலாம்' என்ற ஆசைக்கு அங்கே இடமில்லை.

பழைய பாலத்தில் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. பக்கத்திலேயே கட்டிய புதிய பாலம் 6.4.2025 அன்று திறக்கப்பட்டது. பாலம் மாறினாலும் காற்று மாறவில்லையே! பலத்த காற்றில் மண்டபத்திலோ பாம்பனிலோ ரயில் நின்றால் பயணிகள் அலுத்துக்கொள்வது சகஜம். 1964-ல் அந்த ரயிலுக்குக் கிடைக்காமல் போனது அப்படி ஒரு காத்திருப்புதான்.