தடை விதிக்கும் கை

குடும்ப வன்முறைக்கு ஆளானவர்களுக்காக ‘நவம்பர்’ திட்டத்தை 2010களின் நடுவில் ஒஸ்லோ பொலிஸ் ஸ்தோவ்னர் பொலிஸ் நிலையத்தில் தொடங்கியது.

அப்படி ஆளானவர்களைக் காக்கும் தடையை யார் விதிப்பது? இலங்கையில் 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டப்படி, பாதுகாப்புக் கட்டளை கேட்டு நீதவான் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். நோர்வேயில் அந்தத் தடைக்கான முதல் முடிவைப் பொலிஸ் சட்டத்தரணியே எடுக்கிறார். பொலிஸ் நிலையத்துக்குள் இருந்தபடியே அரசின் வழக்குத் தொடுநராகவும் வேலை செய்பவர் அவர்.

இந்த இரட்டைப் பொறுப்பு 1887ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு வந்தது. அதை வரைந்த பெர்ன்ஹார்ட் கெட்ஸ் 1889இல் முதல் தலைமை வழக்குத் தொடுநர் ஆனார். அன்று தொட்டு, விசாரிக்கும் நிறுவனத்துக்குள்ளேயே வழக்குத் தொடுக்கும் அதிகாரமும் இருக்கிறது.

அப்போது மனைவியை அடிப்பது வீட்டு விவகாரமாகவே பார்க்கப்பட்டது. ஒஸ்லோவில் பெண்களுக்கான அடைக்கல மையம் 1978இல்தான் திறந்தது. 1988க்குப் பிறகு, மனைவி முறைப்பாட்டை மீளப் பெற்றாலும் அரசு வழக்கை நடத்தலாம் என்றானது. 1990களின் நடுவில் ‘பெசோக்ஸ்ஃபோர்பூத்’ எனும் சந்திப்புத் தடை சட்டத்தில் ஏறியது. ஒருவர் இன்னொருவரை அணுகுவதையோ தொடர்பு கொள்வதையோ ஒரு வருடம் வரை தடுக்கலாம். சொந்த வீட்டுக்கே வரக் கூடாது என்றால் 3 மாதம் வரை. பொலிஸ் விதித்த தடை, இயன்றவரை 5 நாளுக்குள் நீதிமன்றத்தின் முன் வைக்கப்பட வேண்டும்.

ஆக, நீதிமன்றத்துக்குப் போகும் வரை எல்லாம் ஒரு சட்டத்தரணியின் நடுநிலையில் தங்கியிருக்கிறது. அவர் இரு தரப்பில் ஒருவருக்கு உறவினரானால்? அதற்காகவே குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு இருக்கிறது. உறவோ, நம்பிக்கையைக் குலைக்கும் வேறு விசேட காரணமோ இருந்தால் அவர் ஒதுங்கியே ஆக வேண்டும். ஒரு தரப்பு ஆட்சேபித்தால் அதற்குத் தனிக் கனம் உண்டு. குற்றம் சாட்டப்பட்டவர் பொலிஸ்காரராக இருந்து, கடமையில் குற்றம் செய்ததாகப் புகார் வந்தால், 2005இல் உருவான சிறப்புப் பிரிவு அதை விசாரிக்கும்.

எல்லோரும் எல்லோரையும் அறிந்த நோர்வேத் தமிழ்ச் சமூகத்தில் இந்த விதி உயிர்நாடி. மொழிபெயர்ப்பவருக்கும் நடுநிலை தேவை: பிள்ளைகளை மொழிபெயர்க்க வைப்பதை 2022இல் நடைமுறைக்கு வந்த சட்டம் பொது அலுவலகங்களுக்குத் தடை செய்திருக்கிறது. குடும்ப வன்முறை வழக்கில் பாதிக்கப்பட்டவருக்கு அரசு செலவில் தனிச் சட்டத்தரணியும் கிடைக்கும். அந்தச் சட்டத்தரணியிடம், “இந்த அதிகாரி என் கணவருக்குத் தெரிந்தவர்” என்று ஒரு பெண் தயங்காமல் சொல்லலாம். அப்படிச் சொல்ல உரிமை உண்டு என்பதைத் தமிழ் அமைப்புகள் அவளுக்கு முன்கூட்டியே தெரியப்படுத்த வேண்டும்.