பௌர்ணமியும் பரதவரும்

காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் பௌர்ணமியன்று மீன்பிடிக்கப் போகாமல், சுறாக் கொம்பை நட்டு வணங்கி, உண்டு விளையாடியதாகப் பட்டினப்பாலை கூறுகிறது. அந்நாளை 'உவவு' என்கிறார் புலவர் கடியலூர் உருத்திரங்கண்ணனார்.

அன்று ஓய்வெடுப்பதில் நஷ்டமும் அதிகமில்லை. நிலவொளியில் மீன்கள் வலையைக் கண்டு விலகிவிடும். அமாவாசை இருட்டில் வலை தெரியாது. மீன் கூட்டம் நகரும்போது கடலில் உள்ள நுண்ணுயிர்கள் ஒளிர்ந்து, அது இருக்குமிடத்தைக் காட்டிக் கொடுக்கும்.

பிற்காலத்தில் சில விசைப்படகுகள் அதே இருட்டில் சக்திவாய்ந்த எல்.இ.டி. விளக்குகளை எரித்து, வெளிச்சத்துக்குக் கூடும் மீன்களைக் குஞ்சுகளோடு வாரின. நாட்டுப்படகு மீனவர்கள் எதிர்த்தார்கள். 2017 நவம்பரில் மத்திய அரசு இதற்குத் தடை விதித்தது. நிலா வெளிச்சம் மீனைக் காத்தது. விளக்கு வெளிச்சத்திடமிருந்து காக்கச் சட்டம் தேவைப்பட்டது!