வரையப்படாத யன்னல்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டில் கெய்ரோவுக்குச் சென்ற ஐரோப்பிய ஓவியர்களிற் சிலர், அங்குள்ள பள்ளிவாசல்களிலும் வீடுகளிலும் இருந்த வண்ணக் கண்ணாடி யன்னல்களை வரைந்து வைத்தார்கள். இத்தகைய ஓவியங்கள் காலனியக் கண்ணின் விளைபொருட்கள் என்பதே எமது சூழலில் வழங்கப்பட்டுவரும் தீர்ப்பு. கீழைத்தேயவாதம் பற்றி எட்வேர்ட் செய்த் 1978இல் எழுதிய நூலுக்குப் பின் இதை மறுப்பது கடினம். மறுப்பது என் நோக்கமுமல்ல. ஆனால் அத் தீர்ப்போடு விடயம் முடிந்துவிடுகிறதா?

முதலில் யன்னலைப் பார்ப்போம். ஐரோப்பியத் தேவாலயங்களில் கண்ணாடித் துண்டுகளை இணைப்பது ஈயம். கெய்ரோவில் ஜிப்சச் சாந்து. சாந்தைப் பலகையாக வார்த்து, கத்தியால் கோலத்தைக் குடைந்து, பின்புறத்தில் சிறு கண்ணாடித் துண்டுகளைச் சாந்தாலேயே ஒட்டுவார்கள். யன்னல் உயரத்தில் இருப்பதால், கீழே நிற்பவருக்கு நிறம் தெரியும்படி துளைகளைச் சரிவாக வெட்டுவதும் உண்டு. இதற்குக் கமரியா என்று பெயர். கமர் என்றால் அரபியில் சந்திரன். பூங்கொத்தும் மயிலும் கொண்ட இத்தகைய யன்னல்கள் கெய்ரோ வீடுகளின் மரப் பின்னல் சாளரங்களுக்கு மேல் வரிசையாக இருந்ததை எட்வேர்ட் லேன் 1836இல் வெளியிட்ட நூலில் விவரித்துள்ளார்.

பஸ்கால் கொஸ்த் என்ற பிரெஞ்சுக் கட்டடக் கலைஞர் எகிப்தின் ஆட்சியாளர் முகம்மது அலியிடம் பணிபுரிந்தவர். புதிய பள்ளிவாசல்களுக்குத் திட்டம் வரையும் பொறுப்பு அவருக்குக் கிடைத்தது. அதனால் பழைய பள்ளிவாசல்களுக்குள் சென்று அளக்கவும் அனுமதி கிடைத்தது. அவரது நூல் 1837-39இல் வெளிவந்தது. பிரிஸ் தவென் 1869-77இல் 200 தகடுகளோடு அரபுக் கலை பற்றிய நூலை வெளியிட்டார். ஜூல் பூர்குவான் கோலங்களை வடிவ கணிதக் கோடுகளாகப் பிரித்துக் காட்டினார்.

வரைபடம் பார்த்து உலோகம் வெட்டுவது இப்போது என் தொழில். அந்தக் கண்ணுக்கு இவற்றில் ஒரு குறை உடனே தெரிகிறது. அச்சான தகடுகள் பொதுவாக முகத்தோற்றத்தையே தருகின்றன, வெட்டுமுகம் இல்லை. தடிப்பும் சரிவும் இல்லை. செய்தவனின் பெயரும் இல்லை. இவற்றை வைத்து ஒரு யன்னலைச் செய்வது கடினம். அதன் கோலத்தைப் பிரதி பண்ணலாம். நடந்ததும் அதுதான். நியூ ஜேர்சியில் இருந்து வடக்கே, ஹட்சன் நதியோரத்தில், ஃபிரெடெரிக் சேர்ச் என்ற அமெரிக்க ஓவியர் 1870களில் கட்டிய ஒலானா என்ற மாளிகை உள்ளது. பூர்குவானின் நூலும் அவரது நூலகத்தில் இருந்தது. அங்குள்ள மஞ்சள் யன்னலின் கீழைத்தேயக் கோலம், கண்ணாடிகளுக்கிடையில் வைத்த வெட்டிய காகிதம்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. ஜோன் ஃபிரெடெரிக் லூயிஸ் 1841 முதல் 1851 வரை கெய்ரோவில் குடியிருந்தவர். இங்கிலாந்து திரும்பி இருபதாண்டுகளுக்குப் பின்னரும் அந்த வீடுகளுக்குள் விழுந்த ஒளியையே வரைந்துகொண்டிருந்தார். அவர் வரைந்த பெண்கள் கற்பனையாக இருக்கலாம். யன்னலைக் கவனித்தது கற்பனையல்ல. மேலும் சாந்து உடையக்கூடியது. 1881இல் அமைக்கப்பட்ட அரபுக் கலைச் சின்னப் பாதுகாப்புக் குழுவின் காலத்தில் பல யன்னல்கள் புதிதாகச் செய்து பொருத்தப்பட்டன. பழையவை எப்படியிருந்தன என்றறிய ஆய்வாளர்கள் இன்று இந்த ஓவியங்களிடமே போகவேண்டியுள்ளது. ஆதிக்கக் கண்தான், ஆயினும் அது பார்த்தது.

நாங்கள் எதைப் பார்த்தோம்? யாழ்ப்பாணம் சோனகத் தெருவில் நான் பல ஆண்டுகள் போய்வந்த வீடொன்று இருந்தது. முன்கதவின் மேல் அரைவட்டத்தில் சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடிகள். பின்னேரங்களில் அந்த நிறங்கள் விறாந்தைச் சீமெந்தில் கிடக்கும். எத்தனை துண்டுகள், யார் செய்தது, எங்கிருந்து வந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. 1990 அக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் அந்தத் தெருவின் மக்களை இரண்டு மணித்தியால அவகாசத்தில் வெளியேற்றினார்கள். வடக்கு முழுவதிலுமிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் 70,000க்கு மேல். பின்னர் பல வீடுகளின் கதவுகளும் யன்னல்களும் ஓடுகளும் கழற்றப்பட்டன. 1981இல் எரிந்த நூலகத்தில் 97,000 நூல்கள் என்று எங்களுக்கு மனப்பாடம். சோனகத் தெருவில் எத்தனை வீடுகள் என்று எங்களில் எத்தனை பேருக்குச் சொல்ல முடியும்?

லூயிஸ் பத்து ஆண்டுகள் அந்நியனாக இருந்து பார்த்தார். நாங்கள் தலைமுறைகளாக அயலவர்களாக இருந்தோம். அவரைப் பற்றித் தீர்ப்புச் சொல்லும் தகுதி எமக்கு இல்லையென்று நான் சொல்லவில்லை. அதே கேள்வியை எம்மிடமும் கேட்கவேண்டும் என்கிறேன். புத்தளத்தில் தங்கியவர்களும் ஊருக்குத் திரும்பியவர்களும் தங்கள் வீடுகளை நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர்கள் சொல்ல நாங்கள் எழுதலாம், வரையலாம். அளவுகளோடு, செய்தவர்களின் பெயர்களோடு, ஏன் அந்த வீடுகள் வெறுமையாயின என்பதோடு.