பாறைக் குறியெண் பாறையுடையதா?

பாறையை வெட்டும் பிட்டும் அதற்கு மேல் கோத்த கனத்த குழாய்களான டிரில் காலர்களும் சேர்ந்த துளைத்தொகுதியின் திசைப்போக்கை உத்தரத்தின் வளைவுக் கணக்காகவே பார்க்கும் ஆய்வு மரபு ஒன்று வேரூன்றியிருக்கிறது. டிரில் காலரின் எடை, விறைப்பு, ஸ்டெபிலைசர்கள் நிற்கும் இடம், பிட்டின் மேல் ஏற்றும் பாரம் ஆகியவை தெரிந்தால் பக்கவிசை தெரியும். பக்கவிசை தெரிந்தால் கிணறு போகும் திசை தெரியும் என்பது அதன் நம்பிக்கை. கணக்கை மீறிய கிணறுகளுக்கு அது பாறையைக் காரணம் காட்டும். அதற்குச் சான்றாக ஆர்தர் லூபின்ஸ்கியும் உட்ஸும் 1953இல் வெளியிட்ட கட்டுரையை முன்வைக்கும். அக்கட்டுரை பாறைக் குறியெண்ணுக்குத் தரும் வரையறையைப் படித்தவர்கள் அதன் செய்முறையைப் படிக்கவில்லை என்பதே என் வாதம்.

வரையறை தெளிவானது. ஒரே விசையில், படிவத்தளத்துக்குச் செங்குத்தாகத் துளைக்கும் வேகத்தைவிட அதற்கு இணையாகத் துளைக்கும் வேகம் எத்தனை பங்கு குறைவோ, அதுவே பாறைக் குறியெண். இது பாறையின் பண்பு போலவே ஒலிக்கிறது. ஆனால் எண் எங்கிருந்து வந்தது? எந்தப் பாறைத் துண்டையும் இரு திசையிலும் துளைத்து அளந்து பெற்றதல்ல. ஏற்கெனவே தோண்டிய கிணறு எந்தச் சாய்வில் நிலைத்தது என்று பார்த்து, காலரின் அளவையும் பாரத்தையும் படிவச் சரிவையும் சமன்பாட்டில் இட்டு, பின்னோக்கிக் கணக்கிட்டால் மிஞ்சுவதே அந்த எண். மறுஆண்டு அவ்விருவரும் வெளியிட்ட பயன்பாட்டு வரைபடங்களும் இவ்வழியே செல்கின்றன: பக்கத்துக் கிணற்றில் பெற்றதை அடுத்த கிணற்றுக்கு எடுத்தாளுவது. அவர்கள் கையில் அது வட்டார அளவுத்திருத்தம். பாறைக்கு உரிய நிலையான இயல்பாக அதை ஆக்கியவர்கள் பின்வந்தவர்கள்.

மிஞ்சியதில் என்னென்ன கலந்திருக்கும் என்பதை ஒரு கணக்கு காட்டும். 8½ அங்குலக் கிணறு, 6½ அங்குலக் காலர், மீட்டருக்கு 150 கிலோ எடை, 3 பாகைச் சாய்வு. காலர் பிட்டுக்கு 16 மீட்டர் மேலே சுவரைத் தொடுகிறது என்போம். சேற்றின் மிதப்புக்கு 15 சதவீதம் கழித்தால், பிட்டைச் செங்குத்துக்கு இழுக்கும் ஊசல் விசை ஏறத்தாழ 53 கிலோ. மேலே இருக்கும் பாரமோ 10 டன். ஊசல் விசை அதில் அரை சதவீதம்தான், கோணத்தில் சுமார் 0.3 பாகை. இப்போது கிணற்றின் சுவர் அரித்து விட்டம் 9½ அங்குலமாகிவிட்டால், காலருக்கும் சுவருக்கும் உள்ள இடைவெளி ஒன்றரை மடங்காகும். தொடுபுள்ளி பத்தில் ஒரு பங்கு மேலேறும். பிட்டின் சாய்வு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல் கூடும். விட்டத்தை அளக்காதவர் இந்த மாற்றம் முழுவதையும் பாறையின் கணக்கில் எழுதிவிடுவார்.

மிஞ்சிய எண்ணில் பிட்டின் பங்கும் இருக்கிறது. முன்னோக்கி வெட்டுவதைப் போல அது பக்கவாட்டில் எளிதாக வெட்டுவதில்லை. 1987இல் ஹோ என்ற ஆய்வாளர் பாறைக்கு ஒன்று, பிட்டுக்கு ஒன்று எனக் குறியெண்ணை இரண்டாகப் பிரித்தது இந்தக் கலப்பை உணர்ந்துதான். அப்பிரிவினைக்கு உரிய இடம் இன்னும் தரப்படவில்லை.

முடிவுறு உறுப்பு முறை இச்சிக்கலைத் தீர்த்துவிட்டது என்பார்கள். அது பக்கவிசையைத் துல்லியமாக்கும். அவ்விசைக்குப் பாறை என்ன செய்யும் என்பதைச் சொல்லாது. துளைக்கும்போதே அளக்கும் கருவிகள் வந்துவிட்டன என்பதும் மறுப்பாகாது. விலகலைச் சீக்கிரம் அறிவது வேறு, அதன் காரணத்தை அறிவது வேறு.

திருவொற்றியூர் போன்ற கடலோர மண்ணில் சாலையைத் தோண்டாமல் கேபிள் பதிக்கும் கிடைத்துளை இயந்திரம், திசைப்போக்கு கருவியை மட்டும் சார்ந்ததா என்பதற்கு எளிய சோதனை. அதன் முனை ஒருபக்கம் சாய்ந்தது. சுழற்றித் தள்ளினால் நேரே போகும். சுழற்றாமல் தள்ளினால் சாய்ந்த முகத்தின் மேல் மண் அழுத்தி முனையைத் திருப்பும். இறுகிய களிமண்ணில் நன்றாகத் திரும்பும் அதே முனை, இளகிய மணலில் போதிய எதிர்ப்புக் கிடைக்காமல் திரும்ப மறுக்கும். கருவி ஒன்றே, திசைப்போக்கு இரண்டு. ஆழம் குறைந்த இத்துளையை எண்ணெய்க் கிணற்றோடு முழுமையாக ஒப்பிட முடியாது. ஆனால் திசைப்போக்கு தொகுதிக்குள் மட்டும் இருப்பதல்ல என்பதற்கு இது போதும்.

குறியெண் பாறையுடையதா என்ற கேள்வி காவிரிப் படுகையில் கூர்மையடைகிறது. மாதானத்தில் எண்ணெய் இருப்பது படிவப் பாறையில் அல்ல, விரிசல் விட்ட ஆர்க்கேயன் அடித்தளப் பாறையில். படிவத்தளமே இல்லாத இடத்தில் அதன் சரிவைக் கொண்டு வரையறுத்த எண்ணுக்கு என்ன பொருள்? அடித்தளப் பாறையின் தகட்டமைவு, அதாவது கனிமங்கள் தகடு தகடாக அடுக்கிய அமைப்பு, கொண்ட சரிவை அதற்கு ஈடாக வைக்கலாம் என்று தோன்றலாம். அப்போதும் விரிசல்கள் தமக்கென வேறு திசை கொண்டிருக்கும். அங்கு துளைப்பவர்கள் பின்னோக்கிக் கணக்கிட்ட எண்ணோடு பிட்டின் வகை, ஏற்றிய பாரம், அளந்த கிணற்று விட்டம் மூன்றையும் சேர்த்தே பதிய வேண்டும். அவையின்றி வரும் எண்ணை அடுத்த கிணற்றுக்கு எடுத்துச்செல்ல நான் ஒப்பமாட்டேன்.