மொஸார்ட் எழுதாத கடிதம்

மொஸார்ட் என்றாலே அடித்தல் திருத்தல் இல்லாமல் ஒரே மூச்சில் எழுதித் தள்ளும் மேதை என்ற சித்திரம் மனத்தில் எழுகிறது. ‘ஃபிகாரோவின் திருமணம்’, ‘டான் ஜியோவானி’ ஓபராக்களைக் கேட்டிராதவர்களுக்கும் இந்தச் சித்திரம் தெரியும். அதன் பூர்வீகத்தைத் தேடிப் போனால் வாழ்க்கை வரலாற்று நூல்களின் வம்சாவளியே விரிகிறது.

மொஸார்ட் 1791 டிசம்பரில் வியன்னாவில் இறந்தார். 1793இல் கோதா நகரத்து ஆசிரியர் ஷ்லிஷ்டெக்ரோல் ஓர் அஞ்சலிக் கட்டுரை எழுதினார். மொஸார்ட்டை நேரில் அறியாத அவருக்கு முக்கியமாகத் தகவல் தந்தவர் அக்கா நானெர்ல். தம்பி 1781இல் வியன்னாவுக்குக் குடிபெயர்ந்தபின் அக்காவும் அவரும் பார்த்துக்கொண்டதே அபூர்வம். அதனால் பிள்ளைப்பருவம் விலாவாரியாக வந்தது. பெரிய ஓபராக்கள் பிறந்த பத்தாண்டுகள் மங்கிப்போயின. மனைவி கான்ஸ்டான்ஸுக்குக் கிடைத்ததோ கடுஞ்சொல். 1794இல் கிராட்ஸில் மறுபதிப்பு வந்தபோது அவர் 600 பிரதிகளைக் காசு கொடுத்து வாங்கி முடக்கினார்.

1798இல் லைப்ஸிக்கின் பிரைட்கோப்ஃப் பதிப்பகம் மொஸார்ட் படைப்புகளைத் தொகுத்து விற்கத் தொடங்கியது. அதே நிறுவனத்தின் புதிய இசை இதழுக்கு ஆசிரியர் ரோஹ்லிட்ஸ். அவர் மொஸார்ட் பற்றிய சுவையான துணுக்குகளை வெளியிட்டார். கதை பரவினால் இசைத்தாளும் விற்கும் அல்லவா! 1815இல் அதே இதழில் ஒரு கடிதம் வந்தது. மொஸார்ட் ஒரு பிரபுவுக்கு எழுதியதாம். வண்டிப் பயணத்திலும், சாப்பாட்டுக்குப் பிந்தைய உலாவலிலும், தூக்கம் வராத இரவிலும் இசை தானாக ஊறுமாம். முழுப் படைப்பும் ஓர் ஓவியம்போல ஒரே பார்வையில் தெரியுமாம்.

ஏறக்குறைய அதே சமயத்தில் பாரிஸில் எழுத்தாளர் ஸ்டெந்தால், பொம்பே என்ற புனைபெயரில் ஹைடன், மொஸார்ட் வரலாறுகளை வெளியிட்டார். ஹைடன் பகுதி கார்ப்பானி என்ற இத்தாலியரிடமிருந்து சுட்டது; அவர் பகிரங்கமாகச் சண்டைக்கு வந்தார். மொஸார்ட் பகுதி ஷ்லிஷ்டெக்ரோலின் பிரெஞ்சு வடிவத்திலிருந்து எடுத்தது. இந்த நகல் 1817இல் ஆங்கிலமாகி லண்டனையும் எட்டியது.

கான்ஸ்டான்ஸ் 1809இல் நிஸ்ஸென் என்ற டேனிஷ் அரசதந்திரியை மணந்தார். முதல் கணவரின் வரலாற்றை இரண்டாம் கணவர் எழுதத் தொடங்கி, முடிக்கும் முன்பே 1826இல் இறந்தார். 1828இல் கான்ஸ்டான்ஸே அதை அச்சுக்குக் கொண்டுவந்தார். பிடிக்காத வரிகளை மறைத்த நூல்தான். ஆனாலும் குடும்பக் கடிதங்களை ஏராளமாகக் காப்பாற்றித் தந்ததால், ரோஹ்லிட்ஸின் துணுக்குகள் அனைத்தையும்விட இதையே நான் உயர்வாக மதிக்கிறேன்.

அடுத்து வந்தவர் ஓட்டோ யான். கிரேக்க, லத்தீன் பிரதிகளைச் சோதித்துப் பழகிய அறிஞர். 1856 முதல் 1859 வரை வெளிவந்த தன் நான்கு பாகங்களில், மூலத்தைத் தேடும் அந்தப் பழக்கத்தையே மொஸார்ட்டிடமும் காட்டினார். 1815இல் வெளியான அந்தக் கடிதத்துக்கு மொஸார்ட் கைப்பட எழுதிய மூலம் எங்கும் இல்லை. அது இருக்கும் வடிவத்தில் மொஸார்ட்டுடையதாக இருக்க முடியாது என்றார்.

கடிதம் அதற்குள் ஊர் தாண்டிவிட்டது. கணிதமேதை ஹடமார் 1945இல் படைப்பு மனத்துக்குச் சான்றாக அதைக் காட்டினார். அவர் வழியாக 1989இல் இயற்பியலாளர் பென்ரோஸ் நூலிலும் ஏறியது. இடையில் 1984இல் வந்த ‘அமாடியஸ்’ படத்தில், திருத்தமே இல்லாத இசைத்தாள்களைப் பார்த்துப் போட்டி இசையமைப்பாளர் ஸலியேரி நடுங்குகிறார்.

அசல் தாள்கள் வேறு கதை சொல்கின்றன. இசை ஆய்வாளர் ஆலன் டைசன் அவற்றை வெளிச்சத்தில் பிடித்து, காகித ஆலைகளின் நீர்க்குறிகளை ஆராய்ந்தார். கடைசி பியானோ கான்செர்ட்டோ 1791 ஜனவரி 5 அன்று முடிந்ததாக மொஸார்ட்டே பதிந்திருக்கிறார். அதன் தொடக்கப் பகுதி இருப்பதோ சில ஆண்டுகள் முந்தைய தாளில். பாதியில் கிடப்பில் போட்டு, பிறகு எடுத்து முடித்திருக்கிறார். மனத்தில் பார்த்ததைக் காகிதத்தில் இறக்குபவருக்கு அத்தனை ஆண்டுகள் எதற்கு?

ஆகவே எந்த மொஸார்ட் வரலாறு கைக்கு வந்தாலும் அந்தக் கடிதத்தை நூலாசிரியர் என்ன செய்திருக்கிறார் என்றுதான் முதலில் தேடுவேன். யானின் நூலை ஹெர்மன் ஆபெர்ட் 1919 முதல் 1921 வரை முழுக்கத் திருத்தி எழுதினார். 2007இல் அது ஆங்கிலத்திலும் வந்துவிட்டது. தலையணை அளவு நூல்தான். ஓபராக்களைப் பற்றிய அத்தியாயங்களிலிருந்தே தொடங்கலாம்.